பிசிஇசிஎஃப் போட்டா செல் பச்சையா மின்னுது, ஆனா பிஎச் மாத்தினாலும் விகிதம் நகரல

கவி_கல்மண்டபம் | திங்கள், மாலை 6:10

எல்லாருக்கும் வணக்கம். ஹீலா செல்லில் (மனிதப் புற்றுநோய் செல் வகை) சைட்டோபிளாசத்தோட பிஎச் அளக்கணும். ஒரு பொருளைச் செல்லுக்குக் கொடுத்தா பிஎச் ஏறுதா இறங்குதான்னு பார்க்கிறதுதான் நோக்கம். சாயம் பிசிஇசிஎஃப்-ஏஎம், அதோட 490/440 ஒளிர்வு விகிதம் பிஎச்சோட மாறும். இப்போ நடக்கிற முறை இது:

35 மி.மீ. கண்ணாடி அடி டிஷ், செல் பாதிக்கு மேல நிரம்பியிருக்கு. 10 சதவீதம் சீரம் கலந்த டிஎம்இஎம்மில் (செல் வளர்க்கிற மீடியம்) 5 மைக்ரோமோலார் சாயம், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். ஒரு தடவை கழுவிட்டு, அதே டிஎம்இஎம்மிலேயே வெச்சு இன்வெர்டட் மைக்ராஸ்கோப்பில் 490, 440 நானோமீட்டர் ரெண்டிலும் தூண்டி, 535-ல் படம். கேமரா ஆட்டோ எக்ஸ்போஷர். கேலிபரேஷனுக்கு (எந்த விகிதம் எந்த பிஎச்சுன்னு பார்க்க) பிபிஎஸ்ஸை (பாஸ்பேட் உப்புக் கரைசல்) 6.5, 7.0, 7.5 பிஎச்சுக்குக் கொண்டுவந்து, செல்லோட உள் பிஎச்சை வெளி பிஎச்சுக்கு இழுக்க 10 மைக்ரோமோலார் நைஜெரிசின்.

மூணு பிஎச்சிலும் 490/440 விகிதம் 1.1, 1.2, 1.2 தான். செல்லுக்குள் சாயம் சீராப் பரவாம புள்ளி புள்ளியா நிக்குது. செல்லே இல்லாத இடமும் பச்சையா இருக்கு. சாயம் கெட்டுப்போச்சா? புதுசா ஆர்டர் போட்டு வர்றதுக்குள்ள ரொம்ப நாளாயிடும், அதான் கேட்கிறேன்.

எண்ணூர்_ஃபோகஸ் | திங்கள், மாலை 6:41

தங்கச்சி, சாயத்த திட்றதுக்கு முன்னாடி கேமராவப் பாரு. ஆட்டோ எக்ஸ்போஷர் போட்டா 490-க்கு ஒரு நேரம், 440-க்கு ஒரு நேரம்னு அதுவே எடுத்துக்கும். ரெண்டு படத்தையும் ஒரே வெளிச்சத்துக்கு இஸ்துகினு வர்றதுதான் அதோட வேலையே. அப்பால ஒண்ண ஒண்ணால வகுத்தா ஒண்ணுகிட்டதான் நிக்கும், வேற எங்க போவும்?

மேனுவல்ல வை. எப்டி செட் பண்றதுன்னா, இருக்கறதுலயே பளிச்சுனு வர்ற நெலம எது? 7.8 பிஎச் பஃபர், நைஜெரிசின், 490. அந்த டிஷ்ஷ வெச்சு, 12 பிட் கேமரான்னா பளிச்சுனு இருக்கற செல்லு 2500, 3000-த்த தாண்டாம எக்ஸ்போஷர் எடு. 4095-ஐ தொட்டுச்சுன்னா அந்த செல்லு கணக்குல இல்ல. 440-ல வெளிச்சம் கம்மியாதான் வரும், அதுக்கு மூணு மடங்கு நாலு மடங்கு நேரம் குடுத்துக்கலாம், தப்பில்ல. ஆனா ஒருவாட்டி வெச்சா வெச்சதுதான். எக்ஸ்போஷர், கெயின், பின்னிங், எல்இடி சதவீதம் நாலையும் எழுதி மைக்ராஸ்கோப் மேலயே ஒட்டிடு. கேலிபரேஷனுக்கும் நெஜ சோதனைக்கும் அதே நாலுதான். மெர்குரி விளக்குன்னா அரை மணி நேரம் எரியவுட்டுட்டு ஆரம்பி.

தண்டையார்பேட்டை_பஃபர் | திங்கள், இரவு 7:25

கேமராவைச் சரிசெய்தாலும் இந்தக் கேலிபரேஷன் வராது. காரணம் பிபிஎஸ்.

நைஜெரிசின் ஒரு பொட்டாசியம் அயனியை ஒரு பக்கம் விட்டு ஒரு ஹைட்ரஜன் அயனியை மறுபக்கம் கொண்டுபோகும். ஆகவே அது நிலைக்கு வரும்போது உள்ளே-வெளியே பொட்டாசியம் விகிதமும் உள்ளே-வெளியே ஹைட்ரஜன் விகிதமும் சமமாகும். வெளியே இருக்கும் பொட்டாசியம் செல்லுக்குள் இருக்கும் அளவே இருந்தால்தான் உள் பிஎச்சும் வெளி பிஎச்சும் ஒன்றாகும். 1979-இல் தாமஸ் குழுவினர் இந்த முறையைக் கொண்டுவந்ததன் அடிப்படையே அதுதான்.

உங்கள் பிபிஎஸ்ஸில் பொட்டாசியம் சுமார் 4.5 மில்லிமோலார். செல்லுக்குள் 140 என்று வையுங்கள். விகிதம் 31, அதன் மடக்கை ஏறக்குறைய 1.5. அதாவது வெளியே 7.5 வைத்தால் உள்ளே 6.0 பக்கம், வெளியே 6.5 வைத்தால் உள்ளே 5.0 பக்கம் இழுக்கப்படும். பிசிஇசிஎஃப்-இன் பிகேஏ (சாயத்தில் பாதி புரோட்டான் இழந்து நிற்கும் பிஎச்) 6.98. 6.0-இல் சாயத்தில் பத்தில் ஒரு பங்குகூட புரோட்டான் இழந்த நிலையில் இராது, 5.0-இல் நூற்றில் ஒன்று. மூன்று அளவுகளும் வளைகோட்டின் தரைப்பகுதியில் போய் உட்கார்ந்துகொண்டன. கேமரா சரியாக இருந்திருந்தாலும் உங்களுக்குக் கிட்டத்தட்டத் தட்டைக்கோடுதான் வந்திருக்கும்.

100 மில்லிலிட்டருக்குச் சரியான பஃபர்: பொட்டாசியம் குளோரைடு 1.04 கிராம் (140 மில்லிமோலார்), பஃபர் பொருளான ஹெப்பிஸ் 0.48 கிராம் (20), குளுக்கோஸ் 0.09 கிராம் (5). 1 மோலார் மெக்னீசியம் குளோரைடு, 1 மோலார் கால்சியம் குளோரைடு ஸ்டாக் இரண்டிலிருந்தும் தலா 100 மைக்ரோலிட்டர். பிஎச்சைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் ஏற்றுங்கள். கைப்பழக்கத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலை எடுத்துவிட வேண்டாம். 6.0, 6.5 இரண்டுக்கும் ஹெப்பிஸ் தாங்காது. அங்கே எம்இஎஸ் என்ற பஃபர் பொருளைப் போடுங்கள். 6.0, 6.5, 7.0, 7.5, 7.8 என ஐந்து புள்ளியாவது வேண்டும். மூன்று புள்ளியில் நேர்கோடு போட்டால் முனைகளில் வளைவது தெரியாமலே போய்விடும்.

பிஎச் மீட்டரை எந்த வெப்பநிலையில் பார்க்கிறீர்கள் என்பதும் கணக்கு. ஹெப்பிஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.014 இறங்கும். 25-இல் 7.40 வைத்தது 37-இல் 7.23 ஆகியிருக்கும். படம் 37-இல் எடுப்பதானால் பஃபரை 37-க்குச் சூடாக்கி அதன் பிறகு பிஎச் செட் செய்யுங்கள்.

நைஜெரிசின் சோடியம் உப்பு 5 மில்லிகிராம் பாட்டில் என்றால் 670 மைக்ரோலிட்டர் எத்தனாலில் கரைத்தால் 10 மில்லிமோலார். மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோலிட்டர். கையுறை கட்டாயம்.

மாதவரம்_ஹீலா | திங்கள், இரவு 8:02

சார் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோ கவி. நைஜெரிசின் பிளாஸ்டிக்லயும் ட்யூபிங்லயும் ஒட்டிக்கும். பெர்ஃப்யூஷன் லைன்ல (டிஷ்ஷுக்குக் கரைசல் ஓடுற குழாய்) அதை ஓட்டிட்டு, தண்ணியில அலசிட்டு, அடுத்த டிஷ்ஷுக்கு அதே லைனைப் போட்டா, கன்ட்ரோல் செல்லே காரணமில்லாம அமிலமாகும். கேலிபரேஷன் டிஷ் தனி, பிப்பெட் டிப் தனி, லைன் தனி. வேற வழியே இல்லைன்னா எத்தனால்ல ஊறவெச்சு, அப்புறம் நிறைய தண்ணி.

இப்போ லோடிங், அதாவது சாயத்தைச் செல்லுக்குள்ள ஏத்துறது. செல் இல்லாத இடம் பச்சையா இருக்குன்னு சொன்னதுக்கும் புள்ளி புள்ளியா வர்றதுக்கும் ரெண்டு தனித்தனிக் காரணம் இருக்கு.

பச்சைப் பின்னணிக்குக் காரணம் சீரம். ஏஎம் எஸ்டர் வடிவத்துல சாயத்துக்கு மின்சுமை கிடையாது, ஒளிர்வும் கிடையாது. சவ்வைத் தாண்டி உள்ள போகும். உள்ள எஸ்டரேஸ் நொதி வெட்டினதும் நாலஞ்சு எதிர்மின்சுமையோட மாட்டிக்கும், அப்போதான் ஒளிரும். சீரத்துலயும் எஸ்டரேஸ் இருக்கு. அது வெளியிலேயே வெட்டிட்டா சாயம் உள்ள போகவே முடியாது, மீடியத்துல நின்னு ஒளிரும். அதனால லோடிங்குக்கு சீரம் இல்லாத, ஃபீனால் ரெட் இல்லாத எச்பிஎஸ்எஸ் (செல்லுக்கான உப்புக் கரைசல்), 20 மில்லிமோலார் ஹெப்பிஸ், பிஎச் 7.4. படமும் அதே கரைசல்லதான். டிஎம்இஎம்ல ஃபீனால் ரெட்டும் ரைபோஃப்ளேவினும் இருக்கு, ரெண்டுமே 440-ல தொந்தரவு.

புள்ளிக்குக் காரணம் 37 டிகிரி, ஒரு மணி நேரம். வெட்டப்படாத சாயம் லைசோசோம், எண்டோபிளாச வலைன்னு உள்ளுறுப்புக்குள்ளயும் நுழைஞ்சு அங்க வெட்டுப்படும். அப்போ நீ அளக்கிறது சைட்டோபிளாசமும் லைசோசோமும் கலந்த ஒரு கூட்டாஞ்சோறு. 1 முதல் 2 மைக்ரோமோலார், 25 டிகிரியில 20 நிமிஷம் போதும். வெளிநாட்டு புரோட்டோகால்ல "அறை வெப்பநிலை"ன்னு இருந்தா அது 20 முதல் 25. மே மாசத்துல ஏசி ஓடாத நம்ம லேப்ல அறை வெப்பநிலைன்னா 33. டிஷ்ஷுக்குப் பக்கத்துல ஒரு தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்துட்டு எழுது.

லோடிங் முடிஞ்சா மூணு தடவை கழுவு. சாயமில்லாத எச்பிஎஸ்எஸ்ல இன்னும் 15, 20 நிமிஷம் விடு, மிச்ச எஸ்டர் வெட்டி முடியட்டும். அதுக்கு முன்னாடி படம் எடுத்தா ரெண்டு சேனலும் ஏறிக்கிட்டே போகும்.

சாயம் கெட்டதான்னு பார்க்க ஆர்டர் போட வேண்டாம். ஸ்டாக்ல ஒரு மைக்ரோலிட்டரை ஒரு மில்லி எச்பிஎஸ்எஸ்ல விட்டு 490 வெளிச்சத்துல பாரு. இருட்டா இருந்தா எஸ்டர் நல்லா இருக்கு. உடனே பச்சையா அடிச்சா ஈரத்துல ஏற்கெனவே உடைஞ்சிடுச்சு. இருட்டா இருந்தா அதே ட்யூப்ல கொஞ்சம் சீரம் விட்டு 37-ல அரை மணி நேரம் வை. இப்போ பச்சை வரணும். ரெண்டாவது படியிலயும் வரலைன்னா ட்யூப்ல சாயமே சரியா கரையலைன்னு அர்த்தம். இந்தச் சோதனை கால்சியம் சாயமான ஃப்ளூவோ-4-க்கும் ஓடும். ஃப்யூரா-2-க்கு ஓடாது, அதோட ஏஎம் வடிவமே ஒளிரும், கால்சியத்துக்கு மட்டும் அசையாது.

கவி_கல்மண்டபம் | திங்கள், இரவு 8:30

ஸ்டாக் சோதனை நாளைக்கே பண்ணிடுறேன் அக்கா. ஸ்டாக் எப்படி வைக்கணும்னும் சொல்லுங்க. இப்போ 50 மைக்ரோகிராம் குப்பியை டிஎம்எஸ்ஓவில் கரைச்சு அப்படியே மைனஸ் 20-ல் இருக்கு.

மாதவரம்_ஹீலா | திங்கள், இரவு 8:47

50 மைக்ரோகிராமுக்கு 60 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ ஊத்தினா கிட்டத்தட்ட 1 மில்லிமோலார். கரைச்ச உடனே 5 மைக்ரோலிட்டரா பிரிச்சிடு. ஒரு ட்யூப் ஒரு நாளைக்கு, மிச்சம் குப்பைக்கு. ட்யூப்களை ஒரு டப்பால சிலிக்கா ஜெல்லோட வெச்சு, டப்பாவையே மைனஸ் 20-ல வை, வெளிச்சம் படாம.

டப்பாவை வெளிய எடுத்ததும் திறக்காதே. கடலோரக் காத்து. குளிர்ந்த ட்யூப் மூடியைத் திறந்தா உள்பக்கம் வேர்த்துடும், டிஎம்எஸ்ஓ அந்த ஈரத்தை அப்படியே உறிஞ்சிக்கும், எஸ்டர் உடைய ஆரம்பிக்கும். 20 நிமிஷம் வெளிய வெச்சு, ட்யூப் வெதுவெதுன்னு ஆனப்புறம் திற. டிஎம்எஸ்ஓவும் பெரிய பாட்டில்ல இருந்து எடுக்காதே. சின்ன ஆம்பூல் வாங்கினா உடைச்சோமா முடிச்சோமான்னு இருக்கும். பொட்டாசியம் குளோரைடு, குளுக்கோஸ் எல்லாம் பாரிமுனைக் கடையில கிடைக்கிற ஏஆர் கிரேடே போதும். டிஎம்எஸ்ஓல மட்டும் காசு பார்க்காதே.

எண்ணூர்_ஃபோகஸ் | திங்கள், இரவு 9:15

படம் எடுத்தாச்சு. நேரா வகுத்துடாத. பின்னணிய கழிக்கணும். ஏன்னு ஒரு கணக்கு.

தடியான செல்லு: 490-ல 1200, 440-ல 400. செல்லு இல்லாத எடத்துல 490-ல 300, 440-ல 200. கழிக்காம வகுத்தா 3.0. கழிச்சா 900-ஐ 200-ஆல, 4.5.

பக்கத்துல ஒரு மெல்லிசான செல்லு: 480, 240. கழிக்காம வகுத்தா 2.0. கழிச்சா 180-ஐ 40-ஆல, அதே 4.5.

ரெண்டு செல்லுக்கும் பிஎச் ஒண்ணுதான். கழிக்காதவன் பேப்பர்ல "செல்லுக்கு செல்லு பிஎச் மாறுது"ன்னு எழுதினு இருப்பான். அதே கதைதான் செல்லோட ஓரத்துல. மெல்லிசு, வெளிச்சம் கம்மி, விகிதம் தப்பா வரும், கலர் படத்துல அழகா ஒரு வளையம் தெரியும். அத்தப் பாத்துட்டு "சவ்வுகிட்ட அமிலம்"னு சொல்லிடாத.

இமேஜ்ஜே சாஃப்ட்வேர்ல வரிசை: ஒவ்வொரு சேனல்லயும் செல்லு இல்லாத எடத்துல ஒரு கட்டம் போட்டு சராசரி எடு, அந்த சேனல்லருந்து கழி, ரெண்டையும் 32 பிட் ஆக்கு, த்ரெஷோல்ட் போட்டு வெளிய இருக்கறத NaN (எண் இல்லாத பிக்சல்) ஆக்கு, அப்பால இமேஜ் கால்குலேட்டர்ல வகு. 32 பிட் ஆக்காம வகுத்தா தசமம் எல்லாம் காணாம பூடும், 3-ம் 4-ம் தான் மிஞ்சும்.

சாயமே போடாத செல்லு ஒரு டிஷ் கட்டாயம் வை. செல்லுக்கு சொந்த வெளிச்சம் இருக்கு, ஃப்ளேவின் 440-ல நல்லாவே தூண்டும். சாயம் போட்ட செல்லோட 440 அளவுல அது பத்துல ஒண்ணுக்கு மேல போச்சுன்னா லோடிங் பத்தல.

வியாசர்பாடி_ப்ளேட்ரீடர் | செவ்வாய், காலை 10:05

இவ்ளோ கஷ்டம் எதுக்கு? 96 குழி ப்ளேட்டில் செல் போட்டு, பிசிஇசிஎஃப் லோட் பண்ணி, ப்ளேட் ரீடரில் (குழி குழியா ஒளிர்வை அளக்கிற கருவி) வெச்சா ஒரு நிமிஷத்தில் மொத்தமும் வந்துடும். கூடவே டிசிஎஃப்டிஏ சாயம் 10 மைக்ரோமோலார் அரை மணி நேரம் போட்டா ஆர்ஓஎஸ்ஸும் (பெராக்சைடு மாதிரி வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் பொருள்கள்) கையோடு முடியும். கல்லூரி ப்ராஜெக்ட் பாதி அதில்தான் ஓடுது.

மாதவரம்_ஹீலா | செவ்வாய், காலை 10:50

பிசிஇசிஎஃப்-ஐ ப்ளேட்ல பண்றதுல தப்பில்ல தம்பி. ஆனா ரீடர் குழி முழுசையும் சேர்த்துப் பார்க்குது. கழுவும்போது உதிர்ந்த செல், செத்து சாயம் கசிஞ்ச செல், மீடியத்துல மிஞ்சின சாயம், எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள்ள. வெளிய இருக்கற சாயம் வெளிப் பிஎச்சைத்தான் காட்டும். மைக்ராஸ்கோப்ல ஒரு தடவை பார்த்து லோடிங் சரின்னு உறுதி பண்ணிட்டு, அப்புறம் ப்ளேட்டுக்குப் போ.

டிசிஎஃப்டிஏ விஷயம் வேற. அதை "ஆர்ஓஎஸ் மீட்டர்"னு நினைக்கிறதே தப்பு.

தண்டையார்பேட்டை_பஃபர் | செவ்வாய், காலை 11:20

டிசிஎஃப்டிஏ செல்லுக்குள் வெட்டப்பட்டு உருவாகும் டிசிஎஃப்எச், ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேரடியாகக் குறிப்பிடத்தக்க அளவில் வினைபுரிவதில்லை. இரும்போ பெராக்சிடேஸோ சைட்டோகுரோம் சி-யோ நடுவில் வேண்டும். ஆகவே பெராக்சைடு மாறாமல் இரும்பு மட்டும் கூடினாலும் ஒளிர்வு கூடும். செல் இறக்கும்போது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியே வந்தாலும் கூடும். போதாக்குறைக்கு, நடுவில் உருவாகும் சாய ரேடிக்கல் ஆக்சிஜனோடு வினைபுரிந்து சூப்பராக்சைடைத் தானே உண்டாக்கும், அதிலிருந்து பெராக்சைடு. அளக்க வந்த பொருளே அளக்கப்படுவதைத் தயாரிக்கிறது. 488 வெளிச்சத்தை அடித்துக்கொண்டே இருந்தால் சாயம் தானாகவே ஆக்சிஜனேற்றமாகிப் பளிச்சிடும்.

பெராக்சைடைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மரபணு வழி உணர்விகள் இருக்கின்றன. ஹைப்பர் வகையின் பழைய வடிவங்கள் பிஎச்சுக்கும் அசையும்; அதற்கு சைஃபர் என்ற, பெராக்சைடுக்கு அசையாமல் பிஎச்சுக்கு மட்டும் அசையும் துணைப் புரதத்தைக் கன்ட்ரோலாக வைக்க வேண்டும். ஹைப்பர்7-இல் அந்தத் தொல்லை மிகக் குறைவு. குளூட்டாத்தயோனின் ஆக்சிஜனேற்ற நிலையைப் பார்க்க ரோஜிஎஃப்பி: 405, 488 இரண்டிலும் தூண்டி 510-இல் படம், ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் பெராக்சைடு விட்டு முழு ஆக்சிஜனேற்றம், டிடிடி விட்டு முழு ஒடுக்கம், இவ்விரண்டு எல்லைகளுக்கு நடுவே உங்கள் அளவு எங்கே நிற்கிறது என்று சதவீதமாகச் சொல்லலாம்.

வியாசர்பாடி_ப்ளேட்ரீடர் | செவ்வாய், மதியம் 12:02

ட்ரான்ஸ்ஃபெக்ஷன் (செல்லுக்குள் மரபணு ஏத்துறது) வசதி எல்லா லேப்லயும் இல்லையே சார். அப்போ டிசிஎஃப்டிஏ போடவே கூடாதா?

தண்டையார்பேட்டை_பஃபர் | செவ்வாய், மதியம் 12:31

போடலாம். "ஆக்சிஜனேற்றம் ஏதோ கூடியிருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டு மடங்கு" என்று எழுதாதீர்கள். செல் இல்லாத குழியில் பொருளும் சாயமும், செல்லும் பொருளும் சாயமில்லாமல், இந்த இரண்டு கன்ட்ரோல் இல்லாத டிசிஎஃப் வரைபடத்துக்கு மதிப்பில்லை. இரண்டாவது கன்ட்ரோலை நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் யாரும் வைப்பதில்லை. நிலவேம்பு, மஞ்சள், கீழாநெல்லி என்று சாறு எடுத்துச் செல்லில் விடுகிறோம். சாறே ஒளிரும். இலைச் சாறு என்றால் பச்சையம் 680 பக்கம் சிவப்பாக அடிக்கும். மஞ்சள் என்றால் பச்சையாக.

கவி_கல்மண்டபம் | செவ்வாய், மதியம் 1:15

சார், நான் பார்க்கிற பொருளே குர்குமின்தான். 20 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓவில். அதை முன்னாடியே சொல்லியிருக்கணுமோ? ஸ்டாக் சோதனை ஆச்சு: சாயம் மட்டும் இருட்டு, சீரம் விட்டதும் பச்சை. அதனால சாயம் நல்லாத்தான் இருக்கு.

எண்ணூர்_ஃபோகஸ் | செவ்வாய், மதியம் 1:22

குர்குமினா! 440-ல வெச்சு?

தண்டையார்பேட்டை_பஃபர் | செவ்வாய், மதியம் 2:10

சாயம் பிழைத்தது, ஆனால் முறை பிழைக்காது. குர்குமின் 425 நானோமீட்டரைச் சுற்றித்தான் அதிகம் உறிஞ்சும். 500 முதல் 540 வரை ஒளிரும். உங்கள் 440 சேனல் அதற்கென்றே செய்து வைத்ததுபோல இருக்கிறது. செல்லின் சவ்வில் போய்த் தங்கியபின் ஒளிர்வு இன்னும் கூடும். 440 அளவு ஏறும், 490 அவ்வளவாக ஏறாது, விகிதம் இறங்கும். "குர்குமின் சைட்டோபிளாசத்தை அமிலமாக்குகிறது" என்று ஒரு முடிவு கிடைக்கும். பிஎச் இம்மியும் மாறியிருக்காது.

முதலில் ஒரே ஒரு டிஷ்: சாயம் இல்லாத செல், 20 மைக்ரோமோலார் குர்குமின், அதே கேமரா அமைப்பு, இரண்டு சேனலும். 440-இல் வரும் எண் பிசிஇசிஎஃப் எண்ணில் நூற்றுக்கு ஐந்துக்குள் என்றால் தொடரலாம். வராது என்பது என் கணிப்பு.

மாற்று வழி கார்பாக்ஸி ஸ்நார்ஃப்-1. இது தூண்டலில் அல்ல, வெளியீட்டில் மாறும் சாயம். 540 பக்கம் தூண்டி 580, 640 இரண்டிலும் படம் எடுத்து 640/580 விகிதம். அந்த அலைநீளத்தில் குர்குமின் ஏறக்குறைய ஒன்றுமே உறிஞ்சாது. பிகேஏ 7.5 பக்கம், 7.0 முதல் 8.0 வரை நன்றாக அசையும், 6.5-க்குக் கீழே மந்தம். லோடிங் 5 முதல் 10 மைக்ரோமோலார். பிசிஇசிஎஃப்-ஐ விட வேகமாகக் கசியும், ஆகவே அரை மணி நேரத்துக்குள் சோதனையை முடிக்கும்படி திட்டமிடுங்கள். கேலிபரேஷன் அதே பொட்டாசியம் பஃபர், அதே நைஜெரிசின்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீரம் இல்லாத 7.2 பஃபரில் 37 டிகிரியில் குர்குமின் அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து நீங்கள் பார்க்கும் விளைவு குர்குமினுடையதா, சிதைந்ததினுடையதா என்று கேள்வி வரும். சீரத்தோடு கொடுத்து, கழுவி, பிறகு சீரமில்லாமல் லோட் செய்வது பாதுகாப்பு.

மாதவரம்_ஹீலா | செவ்வாய், மாலை 5:40

ஸ்நார்ஃப் வரும்வரைக்கும் சும்மா இருக்காதே கவி. பிசிஇசிஎஃப்-ல குர்குமின் இல்லாத செல்லை வெச்சு முறையை நிலைநிறுத்து. அம்மோனியம் குளோரைடு சோதனை பண்ணு: எச்பிஎஸ்எஸ்ல 20 மில்லிமோலார் சோடியம் குளோரைடை எடுத்துட்டு அதுக்குப் பதில் 20 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடு. விட்டதும் அம்மோனியா உள்ள போய் புரோட்டானைப் பிடிச்சு பிஎச் ஏறும். அஞ்சு நிமிஷம் கழிச்சு கழுவினா ஆரம்ப அளவுக்கும் கீழ விழும், அப்புறம் சோடியம்-புரோட்டான் பரிமாற்றி வேலை செஞ்சு மெல்ல மேல வரும். இந்த ஏத்தம், இறக்கம், மீட்சி மூணும் தெரிஞ்சா சாயமும் மைக்ராஸ்கோப்பும் செல்லும் மூணுமே உயிரோட இருக்குன்னு அர்த்தம். கழுவினப்புறம் விழுந்தது மேல வரவே இல்லைன்னா, பஃபர்ல சோடியம் இருக்கான்னு முதல்ல பாரு.

கவி_கல்மண்டபம் | சனி, மாலை 4:20

புதுக் கேலிபரேஷன் (பிசிஇசிஎஃப், 37 டிகிரி, பின்னணி கழிச்சது): 6.0-ல் 1.3, 6.5-ல் 2.1, 7.0-ல் 3.4, 7.5-ல் 4.8, 7.8-ல் 5.3. நைஜெரிசின் இல்லாத சாதாரண செல் 3.9. அம்மோனியம் குளோரைடுக்கு ஏத்தம், இறக்கம், மீட்சி மூணும் வருது. சாயமில்லாத குர்குமின் டிஷ்ஷில் 440 சேனல் பிசிஇசிஎஃப் அளவில் பாதிக்கு மேல. ஸ்நார்ஃப் ஆர்டர் போட்டாச்சு.

ஒரு சந்தேகம்: பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஃபோகஸ் ஓடிப்போகுது. செல்லோட உயரம் மாறினா விகிதமும் மாறுமா?

தண்டையார்பேட்டை_பஃபர் | சனி, மாலை 5:05

இதுதான் வளைகோடு. தரை 0.8, கூரை 6.0 என்று பொருத்தினால் 3.9 என்பது 7.15 பக்கம் வருகிறது. ஹீலாவுக்கு ஏற்கத்தக்க எண். கவனத்தில் கொள்ள வேண்டியது: ஹெப்பிஸ் மட்டும் உள்ள கரைசலில் பைகார்பனேட் கடத்திகள் வேலை செய்யா. கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் உள்ள மீடியத்தில் இருப்பு பிஎச்சும் மீட்சி வேகமும் வேறாக வரலாம். எந்தக் கரைசல் என்பதைப் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.

எண்ணூர்_ஃபோகஸ் | சனி, மாலை 5:38

ஃபோகஸ் ஓடினா ரெண்டு சேனலும் சேர்ந்து மங்கும், விகிதம் ஓரளவு தாங்கும், அதுக்குத்தான் விகிதமே எடுக்கறோம். ஆனா ஒரு சேனல் எடுத்து அடுத்தது எடுக்கறதுக்கு நடுவுல ஓடினா விகிதம் கெடும். ரெண்டுக்கும் நடுவுல ஃபில்டர் திரும்புற நேரத்த கம்மி பண்ணு.

ஓடறதுக்கு பெரும்பாலும் சூடுதான் காரணம். டிஷ்ஷ ஸ்டேஜ்ல வெச்சு 20 நிமிஷம் பொறுத்துட்டு ஆரம்பி. ஏசி காத்து நேரா ஸ்டேஜ்ல அடிக்கக் கூடாது, ஒரு அட்டைய வெச்சு மறை. விடற கரைசலும் 37-ல இருக்கணும், ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்து ஊத்தினா கண்ணாடி வளையும். திடீர்னு குதிச்சா அது லாரி. துறைமுகம் போற கன்டெய்னர் ரோட்டுப் பக்கத்துல மேல்மாடி லேப்னா 40எக்ஸ் ஆயில்ல அது தெரியும். மைக்ராஸ்கோப்ப தரைத்தளத்துக்கு எறக்கு, இல்ல வெய்ட்டான கல்லு மேஜைல வை. அப்பறம் லென்ஸ்ங்கள ராத்திரி சும்மா வுட்டுடாத. உப்புக்காத்துல பூஞ்சை ஏறிச்சுன்னா 490-ல பின்னணி ஏறும், நீ சீரத்த திட்டினு இருப்ப. கழட்டி ட்ரை கேபினெட்ல, ஈரப்பதம் 40, 50-க்குள்ள.

வியாசர்பாடி_ப்ளேட்ரீடர் | சனி, இரவு 7:12

இதே இழையில் ஒரு சின்னக் கேள்வி. லைசோட்ராக்கர் ரெட் (லைசோசோமில் சேர்ற சாயம்) பளிச்சுனு வந்தா லைசோசோம் அமிலம் கூடியிருக்குன்னு எழுதலாமா?

மாதவரம்_ஹீலா | சனி, இரவு 7:50

கூடாது தம்பி. அது வலுவில்லாத காரம். அமிலப் பையில மாட்டிக்கும், அவ்வளவுதான். பை பெருசானாலும் எண்ணிக்கை கூடினாலும் அதே பளிச்சுதான் வரும். 50 முதல் 75 நானோமோலார், அரை மணி நேரத்துக்குள்ள படம். அதிகம் போட்டாலோ ரொம்ப நேரம் விட்டாலோ அதுவே லைசோசோம் பிஎச்சை ஏத்திடும். லைசோசோம் அமிலமாகறதைத் தடுக்குற பாஃபிலோமைசின் 100 நானோமோலார் ஒரு மணி நேரம் கொடுத்த டிஷ் பக்கத்துல இருக்கணும். அதுலயும் ஒளிர்வு இறங்கலைன்னா நீ பார்க்கிறது லைசோசோமே இல்ல.

எண் வேணும்னா டெக்ஸ்ட்ரான்ல கட்டின ஃப்ளோரசீன். ராத்திரி முழுக்க செல்லை அதுல விட்டு, காலைல கழுவி, சாயமில்லாத மீடியத்துல 3, 4 மணி நேரம் விட்டா எண்டோசோமைத் தாண்டி லைசோசோமுக்குப் போயிருக்கும். 490/440 விகிதமேதான், கவியோட ஃபில்டரே போதும். பிகேஏ 6.4, அதனால 5-க்குக் கீழ மந்தமா இருக்கும். அங்க ஒரிகான் கிரீன் டெக்ஸ்ட்ரான் இன்னும் தெளிவா காட்டும். கேலிபரேஷன்ல நைஜெரிசின் மட்டும் போதாது, மொனென்சினும் 10 மைக்ரோமோலார் சேர்த்துப் போடு; பஃபர் 4.0, 4.5, 5.0, 5.5, 6.0, 5.5-க்குக் கீழ எம்இஎஸ்ஸுக்குப் பதில் அசிட்டேட்.